முட்டை ஓட்டுக் குழு

நாலாம் மாடியில் குடியிருந்த கேக் அக்காவுக்கு முட்டை ஓடு என்றால் குப்பை, அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. யோசிக்க நேரமும் இருந்ததில்லை. பிறந்தநாள் கேக், திருமண நாள் கேக், அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்ந்தால் ஒரு கேக், அதே ஆளை ஓய்வு கொடுத்து அனுப்பும்போது இன்னும் பெரிய கேக் என்று வாரம் முழுக்க ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு எண்பது முட்டை உடைப்பாள். ஓடெல்லாம் ஒரு நீல வாளியில் விழும். பஸ் டிரைவரான அவள் கணவர் சாயங்காலம் வந்ததும் அந்த வாளியைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து அழைப்பு மணியை அழுத்தியது. கையெல்லாம் மாவோடு அவள் போய்க் கதவைத் திறந்தால், இரண்டாம் மாடி ஆபீசர் நின்றுகொண்டிருந்தார்.

ஆபீசர் முப்பத்துநாலு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தில் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, நாலு மாதம் முன்னால்தான் ஓய்வு பெற்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பையில் இரண்டு பேனாவும் அப்படியே இருந்தன. கையெழுத்துக்குத்தான் எதுவும் வரவில்லை. பொழுது போகாமல் அவர் முதலில் வாட்ச்மேனின் வருகைப் பதிவைத் திருத்தினார். பிறகு லிஃப்டில் செருப்புக் காலோடு சாய்ந்து நிற்பவர்களைத் திருத்தினார். இப்போது நாலாம் மாடி வரை ஏறி வந்திருக்கிறார் என்றால் யாரைத் திருத்தவோ என்று கேக் அக்கா மாவுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஓட்டு விஷயமா வந்திருக்கேம்மா" என்றார் ஆபீசர்.

"யாருக்குப் போடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை சார். அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"அந்த ஓட்டு இல்லைம்மா. முட்டை ஓட்டு விஷயம்."

வாசலிலேயே நின்றபடி கால் மணி நேரம் விளக்கினார். அவள் தினமும் தூக்கி எறிவது குப்பையே இல்லையாம், அத்தனையும் சுண்ணாம்புச் சத்தாம். செடிக்குப் போட்டால் உரம். தொட்டியைச் சுற்றித் தூவினால் நத்தை அண்டாது. பொடித்துத் தேய்த்தால் பாத்திரம் பளபளக்கும். பாதி ஓட்டில் மண் நிரப்பி விதை போட்டால் நாற்று வளர்க்கலாம். உள்ளே அடுப்பில் வெண்ணெய் உருகிக் கருகிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க சார்" என்று வாளியோடு தூக்கிக் கொடுத்துவிட்டு அடுப்புக்கு ஓடினாள். கணவருக்கு ஒரு நடை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷம்தான்.

அன்றிலிருந்து ஆபீசர் தினமும் பத்து மணிக்கு வந்தார். வாளியை வாங்கிக்கொண்டு போனார். ஓட்டைக் கழுவினார், கொதிக்க வைத்தார், வெயிலில் காய வைத்தார், பிறகு அடுப்பில் வறுத்தார். ஒரு மாதம் வரும் கேஸ் சிலிண்டர் பதினேழு நாளில் தீர்ந்தது. ஒரு நாள் படிக்கட்டில் வைத்து ஆபீசர் வீட்டம்மா கேக் அக்காவிடம் தன் கதையைச் சொன்னாள்.

"மிக்ஸி பிளேடு மழுங்கிப் போச்சும்மா. சரி, போகுதுன்னு விட்டேன். நேத்து என் தோசைக்கல்லை ஓட்டுப் பொடி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கார். ஒட்டாம இருக்கறதுக்குக் கறுப்பா ஒரு பூச்சு இருக்கும்ல?"

"ஆமா."

"அது இப்ப இல்லை. நல்லா பளபளன்னு இருக்குன்னு என்கிட்டயே காட்டுறார்."

மொட்டை மாடியில் ஆபீசருக்குப் பன்னிரண்டு தக்காளித் தொட்டி இருந்தன. அது தக்காளி காய்க்கும் காலம்; எல்லா வருஷமும்போல அந்த வருஷமும் காய்த்தது. ஆனால் இந்த வருஷம் அடியில் ஓட்டுப் பொடி இருந்ததால், பெருமை முழுவதும் ஓட்டுக்குப் போய்விட்டது. ஒரு தக்காளியைக் கையில் ஏந்தி அவர் எடுத்த படத்தைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் காலை கேக் அக்காவின் வாசலில் ஏழு பேர் பாத்திரத்தோடு நின்றார்கள்.

முதலில் நின்றது மூன்றாம் மாடிப் பல் டாக்டர். "அக்கா, எனக்கு எட்டு போதும். ஆனா நல்ல கிண்ணம் மாதிரி இருக்கணும், ஓரம் உடையக் கூடாது. நான் நாத்து விடப் போறேன்" என்றாள். பின்னால் நின்ற ஒருவருக்கு ரோஜாவுக்கு வேண்டும். இன்னொருத்திக்குச் சாயம் பூசி ஜன்னலில் தொங்கவிட வேண்டும். கடைசியில் நின்றவருக்கு எதற்கு என்று தெரியவில்லை. எல்லோரும் நிற்கிறார்களே என்று அவரும் நின்றார்.

பத்து மணிக்கு வந்த ஆபீசருக்கு வாளி காலியாகக் கிடைத்தது. முப்பத்துநாலு வருஷ அனுபவம் அங்கேதான் விழித்துக்கொண்டது. இதை முறைப்படுத்தாவிட்டால் ஊரே குட்டிச்சுவராகிவிடும் என்று அந்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசினார். ஒருமனதாக ஒரு குழு அமைந்தது. அவர் தலைவர், பல் டாக்டர் செயலாளர். முட்டை ஓட்டுக் குழு என்று தன் வீட்டுக் கதவில் ஒரு காகிதமும் ஒட்டினார். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு, தேர்தல் எப்போது என்று வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டு போனார்.

கூட்டத்துக்குக் கேக் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு வந்தது இரண்டு பக்கக் காகிதம் ஒன்றுதான். கிரீம் பிசுபிசுக்கும் விரலால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாள். முட்டையைக் கண்டபடி தட்டக் கூடாது. ஓட்டின் உள்சவ்வை உரித்துவிட வேண்டும். வெள்ளை ஓடு தனி, பழுப்பு ஓடு தனி. கழுவிய ஓட்டைக் கவிழ்த்தே வைக்க வேண்டும். ஒன்பது விதிகள் இருந்தன. ஒன்பதாவது விதி, மேற்படி எட்டு விதிகளையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது.

"ஏங்க, நான் யாருக்கு வேலை பார்க்கறேன்?" என்று அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டாள்.

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதானே. நம்ம வீட்டுல செய்யறது கேக்கா, ஓடா?"

"முட்டையை வாங்கறது நான், உடைக்கறது நான். அதை எப்படி உடைக்கணும்னு ரெண்டாம் மாடி சொல்லுது."

"பேசாம முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அவர்கள் கேட்பது அவளுடைய குப்பையை. குப்பையைத் தர மாட்டேன் என்று ஒருத்தி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

மூன்றாவது வாரத்தில் குழு இரண்டாகப் பிளந்தது. ஓட்டைப் பொடித்துத்தான் போட வேண்டும் என்பது ஆபீசர் பக்கம். ஓட்டைக் கிண்ணமாக வைத்து நாற்று விடுவதுதான் அறிவுள்ளவர் செய்வது என்பது பல் டாக்டர் பக்கம். பொடிக் கட்சி, கிண்ணக் கட்சி என்று குடியிருப்பே பேசிக்கொண்டது. பொடிக் கட்சிக்காரர்கள் லிஃப்டில் ஏறினால் கிண்ணக் கட்சிக்காரர்கள் படியில் ஏறினார்கள். ஆபீசர் காலையில் வந்து, "எப்படி உடைஞ்சாலும் பரவாயில்லைம்மா, எண்ணிக்கைதான் முக்கியம்" என்பார். அவர் போன ஐந்தாவது நிமிஷம் பல் டாக்டர் வந்து, "அக்கா, கூரா இருக்கற பக்கம் மெதுவா ஒரு தட்டு, அவ்வளவுதான்" என்று தன் கருவி ஒன்றாலேயே தட்டிக் காட்டுவாள். அந்தக் கருவி எத்தனை வாய்க்குள் போய் வந்ததோ என்று கேக் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு அந்த முட்டையின் ஓட்டில் முதல் உரிமை என்று ஒரு பேச்சு கிளம்பியதும், பல் டாக்டர் வாரம் இரண்டு கேக் வாங்கத் தொடங்கினாள். இரண்டு கேக்கை அவள் ஒருத்தியாக எப்படித் தின்பாள்? தன்னிடம் காத்திருக்கும் நோயாளிகளுக்கு வெட்டிக் கொடுத்தாள். அதனால் அவளுக்கும் நஷ்டம் இல்லை. மூன்று மாதம் கழித்து வர வேண்டியவர்கள் மூன்று வாரத்தில் வந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மூன்று நாளைக்கு நானூறு சின்னக் கேக், முட்டை சேர்க்காமல். முதல் நாள் பத்து மணிக்கு ஆபீசர் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். வாளியின் அடி தெரிந்தது.

"ஓடு எங்கம்மா?"

"இன்னிக்கு முட்டையே உடைக்கலை சார்."

"கேக் வாசனை வருதே."

"முட்டை போடாத கேக் சார்."

ஆபீசர் உள்ளே தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்த கேக்குகளைப் பார்த்தார். முக்கியமான கோப்பு ஒன்று காணாமல் போனதுபோல் அவர் முகம் ஆகிவிட்டது. "முட்டை இல்லாம எப்படிம்மா? யாரைக் கேட்டுச் செய்யறீங்க?"

இரண்டாம் நாளும் ஓடு இல்லை என்றதும், அவள் ஓட்டைப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கடத்துகிறாள் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். பொடிக் கட்சியும் கிண்ணக் கட்சியும் ஒரு மாதமாகச் சேராதவை, அன்று சேர்ந்து போய் அவளுடைய குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்தன. மூன்றாம் நாள் அவள் கதவிடுக்கில் ஒரு காகிதம் செருகியிருந்தது. முட்டை சேர்க்காத கேக் செய்வதாக இருந்தால் பத்து நாள் முன்னதாகக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்று அதில் எழுதி, கீழே ஆபீசர் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்த கையெழுத்து. நன்றாக அழுத்தியே விழுந்திருந்தது.

கேக் அக்கா சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை. அன்று கோபப்பட்டாள். இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இரண்டாம் மாடிக்கு இறங்கினாள்.

"சார், இனிமே எங்க வீட்டுல முட்டை போட்ட கேக்கே கிடையாது. யார் கேட்டாலும் கிடையாது. உங்க ஒன்பது விதியையும் கோழிக்குப் படிச்சுக் காட்டுங்க."

ஆபீசர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பாதி மாடி ஏறிவிட்டாள்.

அதுவரை அவ்வப்போது பெய்துகொண்டிருந்த மழையும் நின்று பத்து நாள் போயிற்று. முட்டையில்லாக் கேக்கையும் ஜனங்கள் வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் மொட்டை மாடியில் நிலைமை சரியில்லை. தக்காளிச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. ரோஜா கருகியது. பல் டாக்டரின் கிண்ணங்களில் முளைத்திருந்த நாற்றுகள் காய்ந்த நூலாகிவிட்டன. ஓடு நின்ற பத்தே நாளில் செடியெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது, இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று ஆபீசர் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் மொட்டை மாடியிலேயே நடந்தது. கேக் அக்காவையும் வரச் சொன்னார்கள். வெளியாள் ஒருவர் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று, பக்கத்துத் தெரு நர்சரிக்காரரையும் ஆபீசர் கையோடு கூட்டி வந்திருந்தார்.

நர்சரிக்காரர் அதிகம் பேசாத ஆள். ஒரு தொட்டியருகே குந்தி உட்கார்ந்து விரலை மண்ணுக்குள் விட்டார். விரல் உள்ளே போகவில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஓடு, ஓடு, ஓடு. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். அள்ளியது மண்ணா சுண்ணாம்புக் காளவாய்க் கழிவா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஓட்டு மேட்டின் மேல் ஒரு நத்தை, தனக்காகவே போட்ட பாதைபோல் நிதானமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்து ஓரமாக விட்டார். அடுத்த தொட்டியைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் தண்ணி யார் ஊத்தறது?"

எல்லோரும் அவரவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். யாரு?"

ஆபீசர் பல் டாக்டரைப் பார்த்தார். "செயலாளர் பார்த்துப்பாங்கன்னு..." என்று இழுத்தார்.

"நானா? நான் கிண்ணத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. தொட்டியெல்லாம் தலைவர் கையில இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முன்னெல்லாம் என் ரோஜாவுக்கு நான்தான் ஊத்துவேன்" என்றார் ரோஜாக்காரர். "குழு வந்த பிறகு குழு ஊத்தும்னு விட்டுட்டேன்."

எல்லோரும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். ஆபீசர் பையிலிருந்து விதிகளை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். திருப்பி அடுத்த பக்கமும் பார்த்தார். ஒன்பதிலும் தண்ணீர் என்ற சொல் இல்லை.

"முட்டை ஓடு கெடுதல் இல்லைங்க" என்றார் நர்சரிக்காரர், பாவம், சமாதானமாகத்தான். "மாவாட்டம் பொடிச்சு மண்ணுல கலந்தா மெதுவா மக்கும். துண்டு துண்டா போட்டா மக்க வருஷக்கணக்காகும். அது வரைக்கும் செடி எதையாவது குடிச்சு உயிரோட இருக்கணும்ல?"

கேக் அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. அடுத்து பல் டாக்டர் பிடித்துக்கொண்டாள். பிறகு மாடியே சிரித்தது. சிரிக்காதவர் ஆபீசர் ஒருவர்தான். விதிக் காகிதத்தை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். யாரோ குழாயைத் திறந்து வாளியை வைத்தார்கள்.

குழு கலைந்தது. கேக் அக்கா மறுநாளே பழையபடி முட்டை உடைக்கத் தொடங்கினாள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தட்டி. நிம்மதியாக இருந்தது. நாலைந்து நாள் கழித்து ஆபீசர் வீட்டம்மா மேலே ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அவர் ஷேவ் பண்ணி நாலு நாளாச்சும்மா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கார். சாப்பிடக் கூப்பிட்டா வரார், சாப்பிடறார், திரும்ப அங்கேயே போய் உட்காந்துக்கறார்."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் கேக் அக்கா.

"நீ சிரிச்சது சரிதான். என் தோசைக்கல்லைப் பார்த்தா எனக்கும் சிரிப்பு வரும்." ஆபீசர் வீட்டம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்துநாலு வருஷம் அவரை யாராவது ஏதாவது கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. நீயாவது ஏதாவது கேளேன்."

"நானா? அவர் கேட்டதுக்கே எனக்கு இன்னும் மூச்சு வாங்குதுங்க."

சொல்லிவிட்டாள். ஆனால் அந்தம்மா படியிறங்கும் சத்தம் அடங்கும் வரை அவளால் திரும்பிக் கிரீம் கலக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று அடுக்குக் கேக் ஒன்று, யாருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கோ. வெள்ளைப் பூச்சு, சர்க்கரையில் செய்த நாற்பது பூ, எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் லிஃப்ட் ஓடவில்லை என்று தெரிந்தது. கணவர் பஸ்ஸில். வேன் டிரைவருக்கு முழங்கால் வலி. கீழேயிருந்து ஹாரன் மட்டும்தான் அடிப்பார். நாலே அடி அகலப் படிக்கட்டில், நாலு மாடி, எட்டுத் திருப்பம். கேக் அக்கா கேக்கைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். கையைப் பிசைந்தபடி இறங்கி இரண்டாம் மாடியில் போய் நின்றாள்.

ஆபீசர் பனியனோடு கதவைத் திறந்தார். ஒரு வாரத் தாடி.

"சார், ஒரு கேக்கைக் கீழே கொண்டு போகணும். எப்படின்னு எனக்குத் தெரியலை. நீங்க வந்து பார்க்கறீங்களா?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கேலி செய்ய வந்தாளோ என்று சந்தேகம். அவள் முகத்தில் இருந்தது பயம்தான்.

"எத்தனை அடுக்கு?" என்றார்.

"மூணு."

"எடை?"

"பதினாலு கிலோ இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. போச்சு என்று அவள் திரும்பினாள். மூன்று நிமிஷத்தில் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு பேனா, கையில் அளக்கும் டேப்.

அடுத்த இருபத்தைந்து நிமிஷம் அந்தப் படிக்கட்டில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஆபீசர் ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்தார். மூன்றாம் மாடிக்குக் கீழே ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயரம் அதிகம் என்று கண்டுபிடித்தார்; இருபது வருஷமாக அங்கே இடறிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் ஏன் என்று தெரிந்துகொண்டார்கள். பல் டாக்டரையும் ரோஜாக்காரரையும் கேக் பலகையின் இரண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னார். கேக் அக்காவைப் பின்னால் வரச் சொன்னார். தான் முன்னால் பின்பக்கமாகவே இறங்கினார்.

"இடது பக்கம் இறக்குங்க. டாக்டர், மூச்சு விடாதீங்க, பூ ஆடுது. நில்லுங்க. அங்க யாரு ஏறி வர்றது? திரும்பி இறங்குங்க சார், உங்களுக்கு அவசரம்னா எங்களுக்கும் அவசரம்!"

தண்ணீர் கேன் தூக்கி வந்தவர் மறுபேச்சில்லாமல் திரும்பி இறங்கினார். ஒரு பூ உதிரவில்லை, ஓரத்தில் ஒரு கீறல் விழவில்லை. வேனுக்குள் கேக்கை வைத்ததும், ஆபீசர் தானாகவே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். வேன் டிரைவர் அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கப் போன கையை எடுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஆபீசர் திரும்பி வந்தார். நாலு மாடியும் ஏறியதில் மூச்சிரைத்தது. கேக் நேராகப் போய்ச் சேர்ந்தது, மேஜை ஆடியது, அதற்கு அட்டை வைத்துச் சரி செய்தேன், வெட்டும் வரை பக்கத்திலேயே நின்றேன் என்று வரிசையாகச் சொன்னார். கேக் அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அடுத்தது எப்பம்மா?"

அவள் கணவர் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அறைக்குள்ளிருந்து கையை ஆட்டிக் காட்டினார். அவள் அதைப் பார்க்காததுபோல் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை சார். ரெண்டு அடுக்கு. பத்து மணிக்கு."

"ஒன்பதேமுக்காலுக்கே வந்து பார்வையிட்டா நல்லதுன்னு என் அபிப்பிராயம்."

"பத்து மணிக்கு வாங்க சார். அதுக்கு முன்னாடி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

ஆபீசர் எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.